நிலை வைத்த வண்டி

திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டாத தெரு இல்லை, போர்வண்டிக்கு ஆள் அனுப்பாத வீடு இல்லை, ஆனால் ஒரு பிக்கப் வண்டிக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டி நிலை வைத்தவள் சுலோச்சனா ஒருத்திதான்; அதையும் அவள் பக்தியினால் செய்யவில்லை, சந்தேகத்தினால் செய்தாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிறகு நடந்ததற்கெல்லாம் சாமியைக் குறை சொல்லக்கூடாது பாருங்கள்.

அவள் புருஷன் அர்த்தநாரி, ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற போர்வண்டியில் பாதி ஆயுசை வடக்கே கழித்தவன். வைகாசித் தேருக்கு வருவான், வளையல் கொடுப்பான், மாடு கன்றைப் பார்ப்பான், மறுபடி போய்விடுவான். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அப்படிப்பட்ட புருஷன்தான், அப்படிப்பட்ட புருஷன் உள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே சந்தேகம்தான், அதை அவரவர் ஊறுகாய் ஜாடி மாதிரி மூடி போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி அக்காதான் அவ்வப்போது மூடியைத் திறந்து பார்க்கிறவள். "அத்தனை வருசம் அங்க இருக்கறாங்க, அங்கயும் ஒரு அடுப்பு எரியாமயா இருக்கும்?" என்பாள். சுலோச்சனா சாணியை அள்ளுவாள்.

மகளைக் கட்டிக்கொடுத்து, வேலையையும் விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த அர்த்தநாரிக்கு வீட்டுக்குள் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தான், வாசலில் கட்டிலைப் போட்டான், கடைசியில் முட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய பிக்கப் வண்டியை வாங்கிவந்து வீட்டை ஒட்டிய தகரக் கொட்டாயில் நிறுத்தினான். பட்டறை ஆட்கள் வந்தார்கள். வண்டியின் முதுகில் தகரத்தால் ஓர் அறை எழுந்தது, உள்ளே பலகை அடித்தார்கள், படுக்கை போட்டார்கள், காஸ் அடுப்புக்கு மேடை கட்டினார்கள், மேலே தண்ணீர்த் தொட்டி ஏற்றினார்கள், பக்கத்தில் ஒரு ஜன்னல் வைத்தார்கள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் அறுத்து ஆள் குனிந்து போகிற அளவுக்கு வழி விட்டார்கள். தெருவே வந்து பார்த்தது.

"என்னத்துக்குங்க இது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "எங்காச்சும் மலையோரமா ஆத்தோரமா நிறுத்தி, நானும் அவளும் ரெண்டு நாளு ஆக்கித் தின்னுட்டு வரலாம்னுதானுங்க" என்றான் அர்த்தநாரி. வீட்டில் காற்றாடி இருக்கும்போது காட்டுக்குப் போய்ப் படுக்கிற மனுஷனை யார் நம்புவார்கள்? யாரும் நம்பவில்லை. சுலோச்சனா சுத்தமாக நம்பவில்லை.

அவள் நம்பாததற்குக் காரணம் கண்ணாடி. அந்த வேலைக்கு மட்டும் பட்டறை ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, அர்த்தநாரியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கைக்கு எதிரே கண்ணாடியை மாட்டினான். பிறகு சுலோச்சனா போய் அதன்முன் நின்று பார்த்தாள். கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் தெரிந்தது, தாலிக்கொடி தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"ஏனுங்க, கண்ணாடி இவ்ளோ தாழ இருக்குதே?"

"அளவெடுத்துத்தான் வெச்சிருக்கறன்" என்றான் அவன், திருப்புளியைத் துடைத்துக்கொண்டே.

யாரை அளவெடுத்து என்று அவள் கேட்கவில்லை. தன்னைவிட ஒரு முழம் குட்டையான ஒருத்தியை அன்றைக்கே மனசுக்குள் பார்த்துவிட்டாள். வடக்கே எங்கேயோ ஓர் அடுப்புக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள், நல்ல நிறம், மூக்கில் பெரிய வளையம். அந்தக் குட்டைக்காரி அதன்பிறகு சுலோச்சனாவை விட்டுப் போகவேயில்லை.

அதனால்தான் நிலை. படுக்கையும் அடுப்பும் இருந்தால் அது வீடுதான், வீடென்றால் முறைப்படி நிலை வைத்துப் பால் காய்ச்சித்தான் ஆகவேண்டும் என்று சுலோச்சனா ஒற்றைக்காலில் நின்றாள். நிலை வைத்த வீடு யாரை நம்பி வைத்ததோ அவர்களை விட்டுப் போகாது என்று அவளுக்கு ஓர் எண்ணம். அர்த்தநாரி சிரித்துக்கொண்டே சரி என்றான். தங்கவேல் ஆசாரி வேப்பமரத்தில் சின்னதாக ஒரு நிலை செய்து, நவதானியம் போட்டு, மஞ்சள் துணி சுற்றி, கொட்டாயின் வாசலைப் பார்க்க வண்டியின் பின்புறத்தில் பொருத்தினார். லாரிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிப் பழகிய கைகள்தான், ஆனாலும் மரத்துக்குச் செய்கிற மரியாதையில் அவர் குறை வைக்கவில்லை. பித்தளைச் சொம்பில் பால் பொங்கியது, நல்ல திசையில்தான் பொங்கியது.

புறப்படுகிற காலையில் சுலோச்சனா வரவில்லை என்றுவிட்டாள். மாடு சினையாக இருந்தது, அது ஒரு சாக்கு. தன்னை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய் யாரையோ காட்டப்போகிறான் என்பதுதான் உண்மையான பயம். அர்த்தநாரி கொஞ்ச நேரம் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தனியாகக் கொல்லிமலைக்குப் போனான். சாயங்காலம் அவள் விளக்குமாற்றோடு கொட்டாய்க்குள் போனபோது வண்டி இல்லை, ஆனால் வண்டியின் கதவு மட்டும் அதே இடத்தில், மஞ்சள் துணியோடு, மாவிலையோடு, நிலையில் நின்றுகொண்டிருந்தது. சுற்றிவந்து பின்னால் பார்த்தாள், சுவர்தான் இருந்தது. முன்னால் வந்து திறந்தாள். உள்ளே புதுப் பெயிண்ட் வாசம், படுக்கை, அடுப்பு, பக்கத்து ஜன்னலில் கொல்லிமலையின் பனி, டிரைவர் சீட்டில் புருஷனின் பிடரி.

அவன் திரும்பிப் பார்த்து, "வந்துட்டியா? பாலு இருந்தா கொண்டா, டீ போடலாம்" என்றான்.

அவள் திரும்பிப் போய்ப் பால் கொண்டுவந்தாள்.

இப்படித்தான் அது தொடங்கியது. வண்டி எங்கே போனாலும் அதன் முன்கதவு அந்தந்த ஊருக்குத் திறந்தது, பின்கதவு மட்டும் நிலை வைத்த இடத்துக்கே, தெருவில் இருக்கிற தகரக் கொட்டாய்க்கே திறந்தது. தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டுமா, போட்டுக்கொண்டே போகலாமா என்று ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது, அவ்வளவுதான். மறுநாளிலிருந்து பாப்பாத்தி அக்கா காலையில் கோலம் போடும்போதே கேட்க ஆரம்பித்தாள்.

"சுலோச்சனா, இன்னிக்கு வண்டி எங்க நிக்குது?"

"ராமேஸ்வரத்துலீங்க்கா."

"அப்படின்னா சூடா இருக்கும். மார்கழிக் குளுருக்கு மாவு பொங்கவே மாட்டீங்குது. எங்க குண்டாவையும் வெச்சரட்டுமா?"

அப்படி ஒரு குண்டா போனது, அதன் பின்னால் தெருவே தங்கள் தங்கள் பெயர் வெட்டிய மாவுக் குண்டாக்களைக் கொண்டுபோய் வண்டிக்குள் வரிசையாக வைத்தது. இங்கே மழை தூறினால் வடகத்தைத் தூத்துக்குடி வெயிலில் காயப்போட்டார்கள், சித்திரை வெயில் கொளுத்தினால் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்காட்டில் உட்காரவைத்து வெண்டைக்காய் நறுக்கச் சொன்னார்கள், விசைத்தறிக்காரர்கள் மத்தியான டிபனை முன்கதவு வழியாக இறங்கி ஏதோ ஓர் அணையின் கரையில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பின்கதவு வழியாக வந்து தறியை ஓட்டினார்கள். அர்த்தநாரி எங்கே போய் நிறுத்தினாலும், நிறுத்திக் கல்லெடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்து நிமிர்வதற்குள், அவன் வண்டியிலிருந்து அவன் தெரு இறங்கி வந்துகொண்டிருந்தது.

நல்லது வந்தால் அதன் பின்னாலேயே சந்தேகமும் வருமல்லவா. ரேஷன் கடைக்குப் போய்வந்ததாகச் சொன்ன ஒருத்தியின் புடவைக் கரையில் கடல் மணல் இருந்தது. தறிக்குப் போனதாகச் சொன்ன ஒருவன் தலையில் மலைப்பனி ஈரம் இருந்தது. அவன் பொண்டாட்டி தலையைத் தொட்டுப் பார்த்தாள், இவள் புருஷன் புடவையை உதறிப் பார்த்தான். பிறகு எல்லாரும் எல்லாரையும் உதறிப் பார்த்தார்கள். மாவு குறைகிறது, யார் எடுக்கிறார்கள் என்று ஒரு பேச்சு. கதவு சாத்தியிருந்ததே, உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று ஒரு பேச்சு. கொட்டாய் வாசலில் எப்போதும் இரண்டு பேர் வெற்றிலை மெல்லுகிற சாக்கில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் போர்வண்டிக்குப் போன ஆண்கள்மேல் மட்டும் இருந்த சந்தேகம் இப்போது தெருவில் எல்லார்மேலும் சமமாகப் படிந்தது.

சுலோச்சனாவோ ஒருநாளும் முன்கதவு வழியாக இறங்கியதில்லை. பின்கதவைத் திறந்து, மாவுக் குண்டாக்களுக்கு நடுவே நின்று, ஜன்னல் வழியாகப் புருஷனை வேவு பார்த்துவிட்டு, கண்ணாடியில் தன் முகமில்லாத உடம்பை ஒருதரம் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வந்துவிடுவாள். வெளியே அவன் எப்போதும் இரண்டு மடக்கு நாற்காலிகளை விரித்துப் போட்டிருப்பான். ஒன்றில் அவன், இன்னொன்று காலி. இரண்டு டம்ளர். யாராவது உட்கார்ந்திருந்தாலும் அவளுக்கு ஒரு வழியாக நிம்மதியாக இருந்திருக்கும். காலி நாற்காலிதான் அவளைத் தின்றது.

ஒருநாள் சீட்டில் இருந்தபடியே அவன் கேட்டான். "ஏம்புள்ள, அவீகளையெல்லாம் உட்டுப்போட்டு நீ ஒருக்கா முன்னாடி வந்து உக்காரேன். வண்டிய யாரோ பின்னாடி புடிச்சு இழுக்கற மாதிரியே இருக்குது, ஓட்டவே முடியல."

"மாட்ட யாருங்க பாக்கறது?"

"மாட்டப் பாப்பாத்தியக்கா பாக்கும். என்னைய யாரு பாக்கறது?"

பேச்சைப் பார், எவளிடம் கற்றுக்கொண்டான் என்று அவள் மனசில் ஓடியது. கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

அடுத்த வருஷம் மாசி கழிந்ததும் அவன் சத்தீஸ்கருக்குப் போவதாகச் சொன்னான். முன்னே போர் போட்டுக்கொண்டிருந்த பக்கம், இந்திராவதி ஆற்றங்கரையில் ஓர் அழகான இடம், உனக்குக் காட்டவேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை, வா என்றான். வந்தது வினை என்று நினைத்தாள். வரவில்லை என்றாள். வண்டி போயிற்று, தெரு சந்தோஷப்பட்டது, வடநாட்டு வெயிலுக்கு மாவு எப்படிப் பொங்கும் என்று பார்க்க எல்லாரும் குண்டாவோடு வந்தார்கள்.

வண்டி ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்த காலையிலிருந்து சுலோச்சனா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆறு அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. கரை சரிவாக இருந்ததால் பெரிய கருங்கல்லாகப் பார்த்து அவன் சக்கரத்துக்கு வைத்தான், நாற்காலிகளை விரித்தான், டீ போட்டான். அப்புறம் அவள் வந்தாள். தலையில் விறகுக் கட்டு, மூக்கில் வளையம், குட்டை. கண்ணாடிக்கு நேராக அவளை நிறுத்தினால் நெற்றி எங்கே வரும் என்று சுலோச்சனா மனசுக்குள் அளந்து பார்த்தாள்; சரியாக நடுவில் வந்தது. அர்த்தநாரி இந்தியில் என்னவோ சொன்னான், அவள் சிரித்தாள், இரண்டாவது டம்ளரில் அவளுக்கு டீ ஊற்றிக் கொடுத்தான். அவள் நாற்காலியைத் தொடாமல் மணலில் குத்தவைத்துக் குடித்துவிட்டு விறகைத் தூக்கிக்கொண்டு போனாள் என்பதைப் பார்க்க சுலோச்சனா அங்கே இல்லை. டம்ளரைப் பார்த்ததுமே அவள் தெருவில் இறங்கி, செருப்புக்கூடப் போடாமல் ஆசாரி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

"வெச்ச நிலையப் புடுங்கறது குடும்பத்துக்கு ஆகாதும்மா" என்றார் தங்கவேல் ஆசாரி.

"எங்க குடும்பத்துக்கு ஏற்கனவே ஆகலீங். கடப்பாறைய எடுத்துட்டு வாங்."

கொட்டாய்க்குள் தெருவே கூடிவிட்டது. மாவுக்காகத்தான் பலருக்கும் வருத்தம், ஆனால் ஒரு புறம், இனி யார் எங்கே போய்வந்தார்கள் என்று பாதம் பார்க்கிற வேலை மிச்சம் என்ற நிம்மதியும் முகங்களில் இருந்தது. அர்த்தநாரி அங்கேயே கிடக்கட்டும், வேண்டுமென்றால் ரயில் பிடித்து வரட்டும், வராவிட்டால் அந்த அடுப்பிலேயே குளிர்காயட்டும் என்று சுலோச்சனா சொன்னாள். பால் காய்ச்சிய பித்தளைச் சொம்பு மட்டும் படுக்கைக்கு அடியில் இருக்கிறது, அம்மா வீட்டுச் சீதனம், அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று உள்ளே போனாள்.

தரை முழுக்க மாவுக் குண்டாக்கள். குனிந்து சொம்பை எடுக்கக் கால் வைக்க இடமில்லை. அதனால், அந்த வண்டி கட்டிய நாளிலிருந்து முதல்முறையாக, அவள் படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

எதிரே கண்ணாடியில் அவள் முகம் இருந்தது. நெற்றி, வகிடு, பொட்டு, கலங்கிய கண், எல்லாம் சட்டம் போட்ட மாதிரி நடுவாக இருந்தது. முழங்கால் வலி வந்த பிறகு வீட்டில் அவள் நின்றுகொண்டு தலை சீவுவதில்லை, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் சீவுவாள். அதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்று நினைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறை தேருக்கு வந்துபோகிற ஒருவன் பார்த்திருக்கிறான், பார்த்ததோடு விடாமல் அளந்தும் வைத்திருக்கிறான். சுலோச்சனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்க அவள் முயற்சி செய்யவில்லை.

"ஆசாரி, நிறுத்துங்க! வேண்டாம், நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

ஆசாரிக்கும் ஒரு சந்தேகம் இருந்தது: உள்ளே போனவள் மனசு மாறிவிடுவாள், பிறகு வந்த வேலை நின்றுபோகும் என்று. அதனால் அவள் போன சுருக்கிலேயே நிலைக்கு அடியில் கடப்பாறையைக் கொடுத்து நெம்பிவிட்டார். வேப்பமரம் ஒருமுறை முனகியது. கதவுக்கு அப்பால் நின்றிருந்த பாப்பாத்தி அக்காவும், அவள் கையில் இருந்த குண்டாவும், தகரக் கொட்டாயும், வெற்றிலைக்காரர்களும் இல்லாமல் போனார்கள். நிலை இருந்த இடத்தில் வெறும் சதுரமாக வெளிச்சம் இருந்தது, அதற்கு அப்பால் மணலும் ஆறும் இருந்தன.

அவள் சொம்போடு இறங்கினாள். மணல் சுட்டது. அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தான்.

"வந்துட்டியா?" என்றான். "உக்காரு. டீ ஆறிப்போயிரும்."

டம்ளரைக் கழுவி, டீயை ஊற்றி அவள் கையில் கொடுத்தான். காலி நாற்காலியில் அவள் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். சுற்றிலும் தெரு இல்லை, யாரும் எதையும் கேட்கவில்லை, மாவு பொங்கிற்றா என்று பார்க்க யாரும் வரவில்லை. அர்த்தநாரி வண்டியைப் பார்த்தான், நிலை இல்லாத அதன் பின்புறத்தைப் பார்த்தான், ஆசாரியின் கடப்பாறை தெறிக்கவிட்ட சிம்புகளைப் பார்த்தான். பிறகு எழுந்து, "இரு, சக்கரை எடுத்தாரன்" என்று வண்டியைச் சுற்றிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "கெடைக்கல" என்று சொல்லி உட்கார்ந்தான்.

வண்டி ஒருமுறை தலையை அசைத்த மாதிரி அசைந்தது. பிறகு கட்டு அவிழ்த்த மாடு தண்ணீருக்கு இறங்குவதுபோல, அவசரமே இல்லாமல், சரிவில் இறங்கி ஆற்றுக்குள் போனது.

"ஐயோ, போவுதுங்க! புடிங்க, போவுது!" என்று சுலோச்சனா எழுந்தாள்.

"நிலையப் புடுங்குனா வீடு நிக்குமா?" என்றான் அர்த்தநாரி. அவன் எழுந்திருக்கவில்லை. காலடியில் கிடந்த ஒரு கருங்கல்லின்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அத்தனை நாள் கட்டிய வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி போனது, படுக்கை போனது, தண்ணீர்த் தொட்டி கடைசியாக முங்கியது. தெருவின் இட்லி மாவெல்லாம் கரைந்து கொஞ்ச தூரத்துக்கு ஆறு வெள்ளையாக ஓடியது.

ஜீப்பும் பஸ்ஸும் ரயிலுமாக அவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். ரயிலில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவன். அவன் இல்லாத வருஷங்களில் தெருவில் என்னென்ன நடந்தது, எந்த மாடு எத்தனை ஈன்றது, மகளுக்கு அம்மை போட்டபோது யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று அவள் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள், அவன் கேட்டுக்கொண்டே வந்தான். ஆந்திரா தாண்டும்போது குட்டைக்காரியைப் பற்றியும் கேட்டுவிட்டாள். "வெறகு விக்கற பொம்பள. உன்ற டம்ளர்ல குடுத்தது தப்புத்தான்" என்றான். அவள் முழுசாக நம்பினாள் என்று சொல்ல முடியாது, ஆனால் நம்பாமல் இருப்பதற்கு அவளிடம் தெம்பு இல்லை.

தெரு அவர்களை நம்பவேயில்லை. வண்டியை எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார்கள், புருஷனும் பொண்டாட்டியும் மட்டும் போய்வரத் திட்டம் என்றார்கள். ஆற்றோடு போனது எப்படி, போகிறபோது பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்றார்கள். பாப்பாத்தி அக்கா மோர் கேட்கிற சாக்கில் வந்து, தன் பெயர் வெட்டிய குண்டா இருக்கிறதா என்று சமையலறை முழுக்கக் கண்ணை ஓட்டிவிட்டுப் போனாள். ஆசாரி பிடுங்கிய நிலை கொட்டாய்ச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. போகிறவர் வருகிறவர் இன்றைக்கும் ஒருமுறை அதற்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் அர்த்தநாரி வீட்டுக் கண்ணாடியைக் கழற்றித் தாழ மாட்டினான். ஒரு காலையில் அதன்முன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சுலோச்சனா தலை சீவிக்கொண்டிருந்தபோது, அவன் டீ கொண்டுவந்து கொடுத்து, "சக்கர போதுமா, பாரு" என்றான். அவள் ஒரு வாய் குடித்தாள். சீப்பு தலையிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு ஆற்றங்கரையில் குடித்த டீயிலும் சர்க்கரை இருந்தது. அவன் சர்க்கரை எடுக்க எழுந்து போவதற்கு முன்பே இருந்தது. அவன் கால் வைத்திருந்த கருங்கல், காலையில் சக்கரத்துக்கு அடியில் அவள் கண்ணால் பார்த்த அதே கருங்கல்.

கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான், பதிலுக்காக. இத்தனை வருஷத்தில் எந்தச் சந்தேகத்தையும் அவள் இவ்வளவு ஆசையாகப் பிடித்து வைத்துக்கொண்டதில்லை. இதைக் கேட்டுத் தீர்த்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தாள்.

"போதுமுங்க" என்றாள்.